செய்தியில் வரும் பேட்டரி, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பேட்டரி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: வாரத்துக்கு ஒரு தடவை பேட்டரியில் புரட்சி என்று செய்தி வருகிறது, ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும், இருபது வருடம் உழைக்கும் என்கிறார்கள், என் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியோ மூன்று வருடத்தைத் தாண்டவில்லை, இந்தத் துறை நிஜமாகவே முன்னேறுகிறதா? கடைசி வரியில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். தினமும் சேரன்மகாதேவி போய்வர மின்சார ஸ்கூட்டர் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறாராம், சோடியம் பேட்டரி வரும்வரை பொறுக்கலாமா என்கிறார். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அவர் உண்மையில் கேட்பது, இன்று காசு போட்டால் நாளைக்கே அது பழசாகிவிடுமா என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல இந்த வளர்ச்சி எந்த வேகத்தில் போகிறது, எதில் வேகம், எதில் நிதானம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் வேதியியல் படித்தவன். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் மூன்று வருடம் திட்ட உதவியாளராக இருந்தேன். அதன்பின் பதினெட்டு வருடமாக வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரி பக்கம் செல்போன் டவர்கள், வங்கிக் கிளைகள், வீடுகள் என்று பேட்டரி பேங்க் போடுவதும் பராமரிப்பதும்தான் என் தொழில். ஆகவே லெட்-ஆசிட், லித்தியம் இரண்டைப் பற்றியும் கைப்பட்ட அனுபவத்தில் பேச முடியும். சோடியம் பேட்டரி, உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைக்கும் திட மின்பகுளிப் பேட்டரி பற்றிச் சொல்வது படித்ததை வைத்துத்தான். அதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி. செய்தியில் வருகிற பேட்டரிக்கும் அதற்கும் ரொம்ப தூரத்து உறவு. உங்கள் வீட்டில் இருப்பது லெட்-ஆசிட். 1859ல் பிரான்சில் காஸ்தோன் பிளாண்டே செய்தது. ஈயத் தகடு, ஈய ஆக்சைடு தகடு, நடுவில் கந்தக அமிலம், அவ்வளவுதான். தகட்டின் வடிவமும் உலோகக் கலவையும் மாறியிருக்கின்றன, குழாய் வடிவத் தகடு வைத்த டியூபுலர் வந்தது, மூடிய வகை வந்தது. அடிப்படை வேதியியல் அதேதான். 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒன்று ஆசிட்டோடு சேர்த்து ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் அடங்குவது 1.8 யூனிட் மின்சாரம். அதிலும் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் ஆயுசு குறையும். எத்தனை செய்தி வந்தாலும் அந்தப் பெட்டிக்குள் எதுவும் மாறப் போவதில்லை.

ஆனால் அது மூன்று வருடத்தில் போவதற்கு அதன் பழமையைக் காரணம் சொல்ல முடியாது. டவர்களில் சரியாகப் பார்த்துக்கொண்ட லெட்-ஆசிட் செல்கள் எட்டு வருடம், பத்து வருடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். போன சித்திரையில் பணகுடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, போன தடவ மாத்துன பேட்டரி, மூணு வருசம்கூட ஆவல. அரை மணி நேரத்துல ஃபேன் நின்னுருது" என்றார் அந்த அம்மா. பேட்டரி மாடிப்படிக்கு அடியில், அடுக்களைச் சுவரை ஒட்டி இருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் ஆறு செல்லில் நாலில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே. தகட்டின் மேல் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிவு. ஈய சல்பேட், வெளியே தெரிந்த தகட்டில் ஏறி இறுகிவிட்டது, இனிக் கரையாது. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தால் ஒரு செல் 1.230, பக்கத்துச் செல் 1.140. தண்ணீர் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய் இரண்டு தடவை போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் உள்ள உப்பு உங்களுக்கே தெரியும். ஊற்றிய குடத்திலேயே வெள்ளை படியும்.

அடுத்தது வெயில். நம் நாட்டில் பேட்டரியின் திறனையும் ஆயுசையும் 27 டிகிரியில் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் லெட்-ஆசிட்டின் ஆயுசு ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சித்திரை, வைகாசியில் மாடிப்படிக்கு அடியில் மதியம் மூன்று மணிக்கு எவ்வளவு இருக்கும்? அடுக்களைச் சூடும் சேர்ந்தால் 40ஐத் தாண்டும். பெட்டியில் அச்சடித்த ஆயுசு 27 டிகிரிக்கானது, நீங்கள் வாழ்வது அந்த 27ல் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. தென்மாவட்டங்களில் பேட்டரியைக் கொல்வதில் முதலிடம் வெப்பத்துக்குத்தான்.

சரி, இப்போது செய்தியில் வரும் லித்தியத்துக்கு வருவோம். வேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு கதையைச் சொன்னால் போதும். இன்று சில ஸ்கூட்டர்களிலும் புது இன்வெர்ட்டரிலும் வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடைக்காரர்கள் எல்.எஃப்.பி. என்பது, அதன் வேர் 1980களில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபும் அவரோடு இருந்த ஆறுமுகம் மந்திரமும், இரும்போடு சல்பேட் போன்ற அயனித் தொகுதிகளைச் சேர்த்தால் மின்னழுத்தம் நன்றாக ஏறும் என்று காட்டினார்கள். மந்திரம் தென் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர். 2019ல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர் இவர்தான். நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த வழியிலேயே போய் 1997ல் அக்ஷய பாதியும் குட்இனஃபும் குழுவினரும் இரும்பு பாஸ்பேட் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அது ஆய்வகச் சரக்குதான். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துகளைப் பொடிப்பொடியாக்கி மேலே கரிப்பூச்சு கொடுக்கும் வித்தை பிறகு வந்தது, அதைத் தொழிற்சாலையில் டன் கணக்கில் செய்யச் சீனா கற்றுக்கொண்டது அதற்கும் பிறகு. இன்று உலகில் மின்சார வாகனங்களுக்குப் போகும் பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி இதுதான். கட்டுரைக்கும் உங்கள் ஸ்கூட்டருக்கும் நடுவில் கால் நூற்றாண்டு. அதற்கு முந்திய கதையும் இப்படியே. ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் மின்கலத்தைக் காட்டியது 1970களின் நடுவில், குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கண்டது 1980ல், அகிரா யோஷினோ பாதுகாப்பான வடிவம் கொடுத்தது 1985ல், சோனி கடைக்குக் கொண்டுவந்தது 1991ல்.

ஏன் இவ்வளவு காலம்? ஒரு காரணத்தை நான் கையாலேயே உணர்ந்திருக்கிறேன். காரைக்குடியில் காற்றும் ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையில் கையை நுழைத்து, சட்டைப் பொத்தான் அளவு செல்களைச் செய்வோம். ஒரு நாளில் இருபது செய்யலாம். பிறகு அதைச் சோதனை எந்திரத்தில் மாட்டினால் இரண்டு மணி நேரம் ஏற்றம், இரண்டு மணி நேரம் இறக்கம். ஒரு சுற்றுக்கு நாலு மணி நேரம். ஆயிரம் சுற்று தாங்குமா என்று பார்க்க 4,000 மணி நேரம், அதாவது ஐந்தரை மாதம். எண்ணூறாவது சுற்றில் செல் படுத்துவிட்டால் கலவையை மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேகமாக ஏற்றி இறக்கிச் சோதிக்கலாம், சூடேற்றிச் சோதிக்கலாம், ஆனால் சும்மா அலமாரியில் வைத்திருந்தாலே பேட்டரி மூப்படையும். அந்த மூப்பைப் பார்க்க நாள்காட்டியைத்தான் நம்ப வேண்டும். பத்து வருடம் உழைக்கும் என்று சத்தியமாகச் சொல்லப் பத்து வருடம் ஆகும். மற்றதெல்லாம் மதிப்பீடு.

இன்னொரு காரணம் இயற்கையே வகுத்தது. உலோகங்களில் மிக லேசானது லித்தியம், மின்னழுத்தம் தருவதிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. அதைத் தாண்டிப் போக தனிம அட்டவணையில் இடமில்லை. ஆகவே லித்தியம் தங்குகிற வீட்டைத்தான் திருத்திக் கட்ட வேண்டியிருக்கிறது. இப்போது எதிர்மின்முனையில் கிராஃபைட் இருக்கிறது. ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-அவர் வரை கொள்ளும். சிலிக்கான் போட்டால் அதைவிட ஒன்பது, பத்து மடங்கு கொள்ளும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் லித்தியம் உள்ளே போனதும் சிலிக்கான் ஏறக்குறைய நாலு மடங்கு உப்பும், வெளியே வந்ததும் சுருங்கும். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் வீடு கட்டியவர்களிடம் கேளுங்கள். மழையில் மண் ஊறி உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடித்து, நாலு வருடத்தில் சுவரில் விரல் நுழைகிற விரிசல் விடும். சிலிக்கானுக்குள் தினமும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நடக்கிறது. அதனால்தான் கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலந்து, அளவை மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள்.

ஒன்றை உயர்த்தினால் இன்னொன்று இறங்குவதுதான் இதில் உள்ள கஷ்டம். எடைக்கு அதிக மின்சாரம், அதிக சுற்று, வேக சார்ஜ், தீப்பிடிக்காத தன்மை, வெயில் தாங்கும் குணம், விலை எல்லாம் ஒரே பேட்டரியில் வேண்டும். ஆய்வகச் செய்தி பெரும்பாலும் இதில் ஒன்றில் கிடைத்த வெற்றி. அந்த வெற்றி உண்மைதான், அதில் பொய் இல்லை. மற்ற ஐந்தும் என்ன ஆனது என்பது தலைப்பில் வராது. செல்போனும் கணினியும் பத்து வருடத்தில் எங்கோ போய்விட்டன, பேட்டரி ஏன் போகவில்லை என்று பலர் கேட்பார்கள். சிப்பில் சுவிட்சைச் சிறியதாக்கினால் அது அதே கணக்கைப் போடும். பேட்டரியில் மின்சாரத்தைச் சுமப்பது பொருள். பொருளைக் குறைத்தால் சரக்கு குறையும்.

ஆக, எண்ணில் சொன்னால் இப்படி. 1991ல் வந்த முதல் லித்தியம்-அயனி செல்லில் கிலோவுக்கு 80 வாட்-அவர் அளவில் இருந்தது (1,000 வாட்-அவர் ஒரு யூனிட்). இன்று நிக்கல் சேர்ந்த நல்ல லித்தியம் செல்லில் 250 முதல் 300 வரை. முப்பது வருடத்துக்கு மேல் மூன்று மடங்கு, வருடத்துக்கு மூன்று நாலு சதவீதம். இது நிதானமான நடை. ஆனால் விலையைப் பாருங்கள். 2010ல் ஒரு யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி பேக்குக்கு உலகச் சராசரி 1,000 டாலருக்கு மேல். 2024ல் 115 டாலர் அளவில் வந்துவிட்டது. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. இதற்கு ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று எதையும் சுட்ட முடியாது. பூச்சு கொஞ்சம் தடிமனாகியது, உலர்த்தும் வேகம் கூடியது, கழிவு குறைந்தது, கோபால்ட் குறைந்தது, தொழிற்சாலை பெரிதானது. செய்தித்தாளில் ஒரு வரிகூட வராத ஆயிரம் சின்னத் திருத்தங்கள். என் கருத்தில் பேட்டரியின் உண்மையான புரட்சி இதுதான், அது நம் கண்ணெதிரே நடந்து முடிந்துகொண்டிருக்கிறது. 2012ல் நம்மூரில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனபோது ஊரே இன்வெர்ட்டர் வாங்கியது. அன்று வீட்டுக்கு லித்தியம் போடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. இன்று நானே போட்டுக் கொடுக்கிறேன். 100 ஏ.ஹெச். எல்.எஃப்.பி. பேட்டரியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம்.

கைப்பட்ட அனுபவத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராதாபுரம் பக்கம் ஒரு டவரில் பத்து வருடம் வரும் என்று சொல்லி வைத்த லித்தியம் பேங்க் இரண்டாம் வருடமே நின்றது. திறந்து ஒவ்வொரு செல்லாக அளந்தால் எல்லாம் நன்றாக இருக்கின்றன. போனது பி.எம்.எஸ். என்கிற கட்டுப்பாட்டு அட்டை. கடல்காற்றின் உப்பும் பெட்டிக்குள் தேங்கிய சூடும் அதன் பற்றவைப்புகளை அரித்து, ஒரு முனையில் பச்சை பூத்திருந்தது. செல் வேதியியல் முன்னேறியது போதாது. அதைச் சுற்றியிருக்கிற அட்டை, கம்பி, பெட்டி எல்லாம் நம் ஊர்க் காற்றுக்குச் செய்யப்பட வேண்டும். வாங்கும்போது செல் எந்த வகை என்று கேட்கிறவர்கள், பி.எம்.எஸ். போனால் தனியாக மாற்றித் தருவீர்களா என்றும் கேட்க வேண்டும்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. சோடியம்-அயனி பேட்டரி கற்பனை இல்லை, சீனாவில் விற்பனைக்கே வந்துவிட்டது. சோடியம் எங்கும் கிடைக்கும், தாமிரத் தாள் வேண்டாம், இரண்டு முனையிலும் அலுமினியத் தாளே போதும், லித்தியம் செய்கிற அதே எந்திரங்களிலேயே பெரும்பாலும் செய்துவிடலாம். இதனால் எல்.எஃப்.பி. எடுத்த இருபத்தைந்து வருடம் இதற்குத் தேவைப்படாது என்று நம்புகிறேன். தூத்துக்குடி உப்பளத்தைக் காட்டி, இதிலிருந்தே பேட்டரி வரும், விலை பாதியாகும் என்று பேசுகிறார்கள். அங்கேதான் நான் தயங்குகிறேன். 2022 கடைசியில் உச்சத்தில் இருந்த லித்தியம் உப்பின் விலை அடுத்த இரண்டு வருடத்தில் தலைகீழாக விழுந்துவிட்டது. லித்தியம் மலிவானால் சோடியத்தின் விலைச் சாதகம் சுருங்கும். சோடியம் அணு லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், ஆகவே அதே தூரம் ஓட பேட்டரி கொஞ்சம் பெரிதாக வேண்டும். அதன் பெரிய பெருமை உறைபனிக் குளிரிலும் ஓடும் என்பது. அம்பாசமுத்திரத்தில் அதற்கு வேலை இல்லை. வீட்டு இன்வெர்ட்டருக்கு எடை ஒரு பொருட்டில்லை என்பதால் அங்கே சோடியம் முதலில் வரலாம் என்பது என் ஊகம், ஸ்கூட்டரில் பிறகு.

திட மின்பகுளிப் பேட்டரியில் என் சந்தேகம் இன்னும் அதிகம். உள்ளே இருக்கும் எளிதில் தீப்பிடிக்கிற திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைப்பது அதன் அடிப்படை. சரியாக அமைந்தால் எடைக்கு நிறைய மின்சாரம் கிடைக்கும். ஆனால் திடமும் திடமும் ஒட்டி இருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் உப்பிச் சுருங்கும்போது அந்த ஒட்டு விடக் கூடாது, லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து நடுவில் துளைத்துவிடக் கூடாது. இதோ வருகிறது என்று அறிவித்த வருடங்கள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனதைப் பார்த்துவிட்டேன். வந்தாலும் முதலில் விலை உயர்ந்த கார்களில் வரும். அதற்காக நீங்கள் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

காற்றாலைக்கு அடியில் வாழ்கிறவர்கள் என்பதால் இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: ஆடிக்காற்றில் இவ்வளவு காத்தாடி சுற்றுகிறதே, அதைப் பேட்டரியில் சேர்த்து வைக்கக் கூடாதா? பகல் வெயில் மின்சாரத்தைச் சேர்த்து இரவு ஏழு மணிக்குக் கொடுக்கலாம், அதற்கு இன்றைய பேட்டரி போதும், விலையும் கட்டுப்படியாகத் தொடங்கிவிட்டது. ஆடியில் ஏற்றி மார்கழிக்கு எடுப்பது பேட்டரியின் வேலை இல்லை. வருடத்துக்கு ஒரே ஒரு சுற்று ஓடும் பேட்டரிக்குப் போட்ட முதல் திரும்பாது. பருவத்தைப் பருவத்துக்குக் கடத்துவது பாபநாசம் அணை மாதிரியான ஒன்றால்தான் ஆகும்.

இனி உங்கள் ஸ்கூட்டர். போக வர 40 கிலோமீட்டருக்குள் என்றால் ஒன்றரை யூனிட்டுக்குள் முடியும். 3 யூனிட் பேட்டரி உள்ள வண்டியில் அது அரைச் சுற்று. வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால் 150 சுற்று. ஆயிரம் சுற்று என்று குறைவாக வைத்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் போகும். இந்த ஓட்டத்துக்கு இன்றைய பேட்டரி தாராளமாகப் போதும். நாளை விலை இன்னும் கொஞ்சம் குறையலாம், ஆனால் அதற்காகக் காத்திருக்கும் இரண்டு வருடத்தில் நீங்கள் போடும் பெட்ரோல் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். வாங்குங்கள். எல்.எஃப்.பி. கிடைத்தால் அதையே பாருங்கள். தூரம் கொஞ்சம் குறைவு, சூட்டைத் தாங்குவதிலும் சுற்றிலும் அதுதான் மேல். 2022ல் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு நம் நாட்டில் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள், அது நடைமுறைக்கு வந்தது 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக. ஆகவே பழைய கையிருப்பு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று அதற்கு முந்தியதை எடுக்காதீர்கள். உத்தரவாதத்தில் எத்தனை வருடம் என்பதோடு, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வெயிலில் ஓட்டி வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள்.

இன்வெர்ட்டருக்கு என்ன செய்வது என்றால், இப்போதைக்கு லித்தியத்துக்கு மாறும் முன் ஒரு வேலை பாருங்கள். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும். பேட்டரி இருக்கும் இடத்தில் வைத்து ஒரு வாரம் மதியம் மூன்று மணிக்குக் குறித்து வையுங்கள். 35க்கு மேல் வந்தால் எந்தப் பேட்டரி வாங்கினாலும் அந்த இடம் ஆகாது. வடக்குப் பார்த்த திண்ணையோ காற்றோட்டமுள்ள அறையோ பாருங்கள். எண்களை இங்கே போட்டால், இருக்கிற பேட்டரியின் ஹைட்ரோமீட்டர் அளவையும் சேர்த்துப் போடுங்கள், அதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.